தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கப் பதினாறு வருடமாக எனக்கு மனசு வந்ததில்லை. எப்போதாவது போனாலும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். 2012ஆம் வருடம் பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் காலை பத்தரை மணிக்கே போய் இறங்கினேன். அம்மா கூப்பிட்டிருந்தாள்.

போனில் அவள் சொன்னது இவ்வளவுதான். "ஜெனித்து, பதினாறு வருசமா பெரிய வெள்ளிக்கு நான் கோயிலுக்கே போகல. இந்த வருசம் சிலுவைப் பாதைக்குப் போணும். நான் வர்ற வரைக்கும் நீ வீட்ல இரு. அப்புறம் நீ கூப்புடுற மாதிரி விழுப்புரத்துக்கே வந்துடறேன்."

அப்பா இறந்ததிலிருந்து நான் அவளைக் கூப்பிடாத வருடம் இல்லை. என் மனைவி ஜெசி நேரில் வந்தே இரண்டு முறை கெஞ்சியிருக்கிறாள். அம்மா ஒரு ராத்திரிகூட அந்த வீட்டைவிட்டு வெளியே தங்கியதில்லை. என் கல்யாணம் விழுப்புரத்தில் நடந்தபோது பூசை முடிந்ததும், பந்தியில் உட்காராமலேயே திண்டிவனத்துக்குத் திரும்பிவிட்டாள். நாலு மணி நேரம் வீட்டில் இருந்தால் போதும், அம்மா வந்துவிடுவாள் என்றால் எனக்கென்ன நஷ்டம்?

கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. அம்மா பெயர் இருதயசெல்வி. தையல் வேலை. பூசைக்கு உதவி செய்கிற பிள்ளைகளின் அங்கி முதல் சாமியார் அங்கிவரை இந்த ஊரில் அவள் தைத்ததுதான். கதவைத் திறந்தபோது வெள்ளைப் புடவையில் தயாராக இருந்தாள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் ஆணிக்கால் மாதிரித் தடித்துக் கறுத்திருந்தது. கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு இன்னைக்கு ஒருசந்தி. மூணு மணிக்கு மேலதான் சாப்பாடு. நீ ஏதாச்சும் சாப்புடுறியா?"

"வேணாம்மா."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தையல் அறையைத் திறந்தாள். அந்த அறைக்குள் நான் பதினாறு வருடமாகக் காலெடுத்து வைக்கவில்லை.

"இங்க உக்காரணும். கூடத்துல இல்ல. பாதியில எழுந்து போயிடாத."

உள்ளே தையல் மிஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். மூலையில் பழைய டி.வி. அதன்மேல் ஊதாத் துணி.

தவக்காலத்தின் கடைசி வாரத்தில் கோயிலில் சுரூபங்களை, அதாவது புனிதர்களின் சிலைகளை, ஊதாத் துணியால் மூடுவார்கள். அந்தத் துணிகளைத் தைப்பது அம்மா. மிஞ்சிய துண்டுகளால் வீட்டில் சிலுவையையும் டி.வி.யையும் மூடுவாள், பெரிய வெள்ளிக்கு வீட்டில் சினிமாப் பாட்டு கேட்கக் கூடாது என்று. உயிர்ப்பு ஞாயிறு காலையில் எடுத்துவிடுவார்கள். இந்த டி.வி.யின் துணியை மட்டும் 1996க்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நிறம் சாம்பலாகியிருந்தது.

அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டி.வி.யோடு இணைத்த ஒரு வீடியோ கேம் பெட்டி. நானும் தம்பி வளனும் ஆடியது.

அந்த ஆட்டத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் கேசட்டில் படம் கிழிந்துபோயிருந்ததால் நாங்கள் 'நாள் வண்டி' என்றே சொன்னோம். ஒரு ரோடு, ஒரு கார். காரைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக்கை நாங்கள் கம்பி என்போம், அதன் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கார் ஓடும். முன்னால் போகிற கார்களை முந்த வேண்டும். குறித்த எண்ணிக்கையை முந்திவிட்டால் ஒரு நாள் முடியும், அடுத்த நாள் ஆரம்பிக்கும். ஒவ்வொரு நாளுக்குள்ளும் வெயில் வரும், பனி கொட்டி டயர் வழுக்கும், பொழுது சாயும், இருட்டில் முன்னால் போகிற வண்டியின் இரண்டு விளக்குகள் மட்டும் தெரியும். கடைசியில் மூடுபனி. மூடுபனியில் ஒரு சாண் தூரம்தான் தெரியும். மற்றதெல்லாம் காதால்தான். வளன் அதில் கெட்டிக்காரன். எனக்கு வராது.

நிறுத்தி வைக்க அதில் பட்டன் கிடையாது. கையை எடுத்தால் கார் நின்றுவிடும். எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் முடிந்து மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆடுகிறவன் கம்பியை விடுவதற்கு முன் அடுத்தவன் வாயால் "புடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் இவன் விடக்கூடாது. வயிறு முட்டினாலும் விடக்கூடாது. ஒரு முறை வளன் உட்கார்ந்த இடத்திலேயே டவுசரை நனைத்துக்கொண்டான், விடவில்லை.

எங்களுடையது கறுப்பு வெள்ளை டி.வி. பனியும் வெயிலும் ஒரே வெள்ளை. விழுப்புரத்தில் என் டி.டி.பி. கடைக் கம்ப்யூட்டரில் போன வருடம் அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து ஆடிப் பார்த்தேன். வானம் நீலமாக இருந்தது. மலை சிவப்பாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கடையை மூடும்வரை ஆடினேன், மறுநாளும் ஆடினேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் தம்பியைவிட அந்த ஆட்டம்தான் எனக்கு அதிகம் நினைவு வந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று தெரியும். ஆனால் வெட்கம் வரவில்லை. எதுவுமே வருவதில்லை.

1996இல் எனக்குப் பதினாலு வயது, வளனுக்குப் பதினொன்று. நாள் எண் காட்டும் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் என்ன வரும்? எங்கள் வகுப்பு மணிமாறன் ஒரு பெரிய கோப்பை வரும் என்றான். பார்த்துவிடுவது என்று பெரிய வியாழன் காலையில் ஆரம்பித்தோம். சாயங்காலம் அம்மா வந்து டி.வி.யைத் துணியால் மூடினாள். படத்தை மங்கலாக்கி, சத்தத்தை ஒடுக்கி வைத்திருந்ததால் அது ஓடுவது அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் துணியின் அடியைத் தூக்கிக்கொண்டு மாற்றி மாற்றி ஆடினோம். விடிந்தபோது அறுபத்தி எட்டாம் நாள்.

பெரிய வெள்ளிக்கு எல்லோரும் கோயிலுக்குப் போயாக வேண்டும். ஒருவன் வீட்டில் தங்க ஒரே வழி காய்ச்சல். அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் நம்பினோம். பெரியவர்களும் நம்பினார்கள், அதனால்தான் காய்ச்சல் என்றால் முதலில் கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்துப் பாதியாக நறுக்கி வளனிடம் கொடுத்தது நான்.

போர்வைக்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தவன் நெற்றியில் அம்மா கை வைத்தாள். முகம் மாறியது. "அய்யோ, இப்பிடிக் கொதிக்குதே. நான் கோயிலுக்குப் போகல. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்."

அவள் வீட்டில் இருந்தால் ஆட்டம் போய்விடும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அவள் காதருகே போய்ச் சொன்னேன். "காய்ச்சல் இல்லம்மா. நடிக்கிறான். அக்குள்ல பாரு."

அம்மா அவன் மற்ற கையைத் தூக்கினாள். வெங்காயம் பாயில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் தெருவில் எறிந்தாள். "ஆண்டவரு செத்த நாளுல பொய்யா? கெட இங்கயே. உனக்குக் கஞ்சி கெடையாது, தண்ணிகூடக் கெடையாது." கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா அன்று ஆலையில் வேலையில் இருந்தார்.

போகும்போது ஜன்னல் வழியாக வளனிடம் சொன்னேன். "பத்தாம் ஸ்தலம் வந்ததும் நழுவி வந்துடுறேன். அதுவரைக்கும் புடி."

சிலுவைப் பாதையில் பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றிலும் நின்று ஜெபித்துவிட்டு நகர்வார்கள். பத்தாவது வந்தது. நான் நழுவவில்லை. அது முடிந்ததும் கோயில் வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி ஊற்றுவார்கள், மாங்காய்த் துவையலோடு. மணிமாறனோடு வரிசையில் நின்றேன். இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

நாலரைக்கு அம்மாவோடு திரும்பினேன். வளன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். மதியத்துக்குள் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அம்மாதான் அன்று டி.வி.யின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் என்ன என்று நான் பார்க்கவில்லை.

நான் அம்மாவிடம் எதையும் சொல்லவும் இல்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டுக் கொன்றவள் என்று அவள் தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். ஜூன் மாதம் என்னை விழுப்புரத்தில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு அம்மா கோயிலுக்குக் கிளம்பினாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். டி.வி.யின் ஒயர் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு மேலேயே வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் எல்லா ஊரிலும் மணிக்கணக்கில் போகும். மின்விசிறி நின்றது.

கோயில் ஜெனரேட்டரில் மைக் ஓடியது. பெரிய வெள்ளியன்று மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள். டக். டக். டக். "முதலாம் ஸ்தலம்."

மூன்றாம் ஸ்தலத்தில் எனக்கு வியர்த்தது. ஏப்ரல் மாதம், காற்றில்லை, அதனால்தான் என்று நினைத்தேன்.

ஐந்தாம் ஸ்தலத்தில் வெங்காய வாசம் வந்தது. சமையல் வாசம் இல்லை. பச்சை வெங்காயம் வியர்வையில் ஊறிய வாசம்.

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். தெருவில் யாரும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

ஏழாம் ஸ்தலத்தில் அந்தச் சத்தம். மிக மெல்ல. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது என்று நினைத்தேன். பிறகுதான் கரண்ட் இல்லை என்பது நினைவு வந்தது.

வண்டிச் சத்தம். கியர் மாறி மாறி ஏறுகிற சத்தம். அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

துணியின் அடி ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயம் எங்கோ வேறு யாருக்கோ வந்ததுபோல இருந்தது. குனிந்து துணியைத் தூக்கினேன்.

திரையில் மூடுபனி. ஒரு சாண் ரோடு. கார் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒதுங்கி, ஒரு வண்டியை முந்தி, நடுவுக்கு வந்தது.

நாள் எண் காட்டும் கட்டத்தைப் பார்த்தேன். இரண்டு இலக்க இடத்தில் ஆறு இலக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் நூறு வந்திருக்கிறது. கோப்பையெல்லாம் இல்லை. நூற்றியொன்று வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கீழே பாயில் கம்பி தானாகச் சாய்ந்தது. இடது. நேர். வலது. நேர்.

பாய் நடுவில் குழிந்திருந்தது.

டக். டக். டக். "பத்தாம் ஸ்தலம்."

"ண்ணா."

நான் கம்பியையே பார்த்தேன்.

"ண்ணா, எத்தினியாவது ஸ்தலம்?"

"பத்து" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அப்ப வந்துட்டியா."

கார் ஒரு வண்டியை உரசிக்கொண்டு போனது. அவன் மூச்சு வேகமாக இருந்தது, உதடு காய்ந்தவன் விடுகிற மூச்சு.

"வெங்காயத்த அம்மா அப்பவே எறிஞ்சிட்டாங்கண்ணா. இன்னும் சுடுது."

"தெரியும்டா."

"பசிக்குது. ஆனா வுட முடியல. நீ சொல்லாம எப்பிடி வுடறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் யாரையும் பயமுறுத்த அங்கே இல்லை. பழி வாங்கவும் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லாததால் உட்கார்ந்திருக்கிறான்.

நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்தேன். இடுப்புக்குப் பக்கத்தில் அடுப்பு எரிவதுபோல் காங்கை அடித்தது. கையை நீட்டிக் கம்பியின் மேல் வைத்தேன். அதற்கடியில் இன்னொரு கை இருந்தது. சின்னது. சுட்டது.

"புடிச்சிட்டேன்" என்றேன்.

அந்தக் கை உடனே போகவில்லை. நான் நிஜமாகப் பிடித்திருக்கிறேனா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விரல் விரலாக விலகியது.

மூச்சுச் சத்தம் நின்றது. பக்கத்தில் பாய் மெல்ல நிமிர்ந்தது.

நான் மூடுபனியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வராத மூடுபனி. இப்போது வந்தது.

மூன்றரைக்கு அம்மா வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராகத் தையல் அறைக்கு வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அம்மா, வெங்காயம் நான் குடுத்தது. உங்கிட்ட அவனப் போட்டுக் குடுத்ததும் வேணும்னேதான். வீட்ல நீ இருந்தா ஆட்டம் போயிடும்னு. அவனுக்கு நெஜமாவே காய்ச்சல்னு எனக்குத் தெரியாது. பத்தாம் ஸ்தலத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டுக் கஞ்சி வரிசையில நின்னேன்."

திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னேன். முன்னால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

அம்மா புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். மொத வருசமே அவன் சொல்லிட்டான்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். தடித்த கட்டைவிரலை மற்ற கையால் நீவினாள். "கொழந்த கண்ண மூடட்டும்னு தெனம் கொஞ்ச நேரம் நான் புடிச்சிக்குவேன். எனக்குச் சரியா ஓட்ட வராது. அவன் தூங்கமாட்டான். அண்ணன்தான் புடிக்கணும், அண்ணன்தான் சொல்லிட்டுப் போனான்னு சொல்லிக்கினே இருப்பான்."

அழுதாளா என்று தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேம்மா."

"அப்ப நாங்க கெளம்புறோம்."

அவள் எழுந்து பையை எடுக்கிற சத்தம் கேட்டது. வாசலில் யாருடைய தலையிலோ புடவைத் தலைப்பைப் போடுவதுபோல, "வெயிலு" என்று மெல்லச் சொன்னாள். கதவு சாத்தியது. நான் அவளைக் கூப்பிடவில்லை. அவள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றுதானே நானும் இத்தனை வருடம் கேட்டேன்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. சுவரில் பிளக் போடும் இடம் காலியாக இருந்தது, ஒயர் ரப்பர் பேண்டோடு அப்படியே இருந்தது. கார் ஓடியது. ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் ஆரம்பித்தது. எண் ஒன்று கூடியது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். ஜெசி.

"அத்தை வந்து சேந்துட்டாங்க. நீங்க ஏன் கூட வரல?"

"இங்க வேலை இருக்கு."

"எப்ப வருவீங்க? நாளைக்கு நான் வேணா வர்றேன், ரெண்டு பேருமா சேந்து செஞ்சா ஜல்தி முடியுமில்ல."

"வராத. இந்த வீட்டுக்கு நீ வராத."

அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வேறு எதையோ சொல்ல வந்து தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னங்க, அத்தை வந்ததும் ரெண்டு தட்டு வைக்கச் சொன்னாங்க. யாரோ வர்றாங்கன்னு நெனச்சிக்கினு ரெண்டுலயும் சோறு போட்டேன். காலையிலர்ந்து பட்டினி, சாப்புடுங்க அத்தைன்னா, 'அவன் மொதல்ல சாப்புடட்டும்'னு சொல்லிட்டு உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்க தட்ட இன்னும் தொடவே இல்ல."

"சரி."

"அந்தத் தட்டு காலியா இருக்குதுங்க."

முன்னால் ஒரு வண்டி வந்தது. வலது பக்கம் ஒதுங்கி முந்தினேன்.

"நான் சமையல்கட்டு வாசல்லதான் நின்னுக்கினு இருந்தேன். கண்ணு எடுக்கல. மறுபடியும் போட்டேன். அதுவும் காலியாயிடுச்சி. இப்ப அத்தை இன்னும் கொஞ்சம் போடச் சொல்றாங்க." கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் போனில் கேட்டது. "என்னங்க, பேசுங்க. போடவா?"

"போடு ஜெசி" என்றேன். "அவன் போதும்னு சொல்ற வரைக்கும் போடு."